சாம்பலில் கிடைக்காத பற்கள்

பலகையை இழைக்க ஆரம்பித்தபோது ஹெம்மிங்குக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிற்பாடு அவனை அதிகம் குடைந்தது அதுதான். கை நடுங்கியிருந்தால், கண் கலங்கியிருந்தால், தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். எதுவும் இல்லை. இழைப்புளி சீராக ஓடியது. பிர்ச் மரச் சுருள்கள் காலடியில் விழுந்தன. சிக்ரிதின் எழுத்துகள் முதலில் மங்கின, பிறகு வெறும் கோடுகளாயின, பிறகு காணாமல் போயின.

அது ஒரு ஹெக்லா. முழங்கை நீளப் பலகை, அதன் நடுவில் நெருக்கமாக நட்ட இரும்புப் பற்கள். அடித்து நொறுக்கிய ஆளிநாரை ஒரு பிடி எடுத்து அந்தப் பற்களின் மேல் வீசி இழுத்தால், குட்டை நாரும் சக்கையும் பல்லோடு நின்றுவிடும். நெடுநார் மட்டும் வாரிவிட்ட தலைமயிர்போல மின்னிக்கொண்டு கையில் வரும். தெல்லன் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஹெக்லா இல்லாத வீடு கிடையாது. அந்தப் பெயர் எப்போது வந்தது என்று கேட்டால், ஏரி எப்போது வந்தது என்று திருப்பிக் கேட்பார்கள்.

நிச்சயமான பெண்ணுக்கு மாப்பிள்ளை தன் கையால் செய்து தர வேண்டிய பொருள் அது. மோதிரத்தைக் கடையில் வாங்கலாம். ஹெக்லாவை வாங்க முடியாது. பல் அடிப்பது மட்டும் கொல்லனுடைய வேலை. மற்றபடி மரத்தைத் தேர்ந்தெடுப்பது, துளையிடுவது, நடுவது, கடைசியில் அவள் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிப்பது எல்லாம் மாப்பிள்ளையுடையது. ஊரில் உள்ளவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுத்தைக் கத்தியால் வெட்டுவார்கள், சுற்றிலும் பூவும் கொடியும் போடுவார்கள்.

சிக்ரிதுக்குச் செய்தபோது அவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கொல்லன் பட்டறையிலிருந்து எழுத்து அச்சுகளை வாங்கி வந்தான். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து ஓங்கி ஓர் அடி. எழுத்துகள் குழிந்து இறங்கின.

"எம் பேரை எழுதச் சொன்னா குதிரைக்கு லாடம் அடிச்சு வச்சிருக்க" என்று சிரித்தாள் சிக்ரித். பக்கத்துப் பண்ணைக்காரி. சின்ன வயதிலிருந்தே அவனை வா போ என்றுதான் பேசுவாள்.

"சீக்கிரம் முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. மரம்தான் பாவம்."

அந்த ஹெக்லாவில் அவள் சில பருவங்கள்தான் நார் சீவினாள். போன ஆண்டு இலையுதிர்காலத் தொடக்கத்தில், சீவல் பருவம் வருவதற்கு முன்பே காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. குழந்தை இல்லை.

அதற்கப்புறம் ஹெம்மிங் தினமும் எழுந்தான், மாட்டுக்குத் தீவனம் போட்டான், விறகு பிளந்தான், படுத்தான். யாராவது பேசினால் பதில் சொன்னான். கோடையில் அவன் அப்பா ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்த வீட்டுல பால் கறக்க ஆள் இல்ல. நூல் நூற்க ஆள் இல்ல. நீ இருக்க. ஆனா இருக்கற மாதிரி தெரியல."

"சரிப்பா."

"என்ன சரி?"

"நீங்க சொல்றதுக்குச் சரி."

அப்படித்தான் ராக்கெல் நிச்சயமானாள். ஏரியின் அக்கரைப் பெண். பாதிரியார் வீட்டில் வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று சொன்னார்கள். முதல் தடவை பார்த்தபோது, "நீங்க பேசவே மாட்டீங்களா, இல்ல எங்கிட்ட மட்டும் பேச மாட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் யோசித்து, "பொதுவாவே" என்றான். அவளுக்கு அது பிடித்திருந்தது போலும், தலையாட்டினாள்.

சீவல் பருவத்துக்கு முன் ஹெக்லா கொடுக்க வேண்டும். அவன் செய்ய உட்கார்ந்தான். நல்ல பிர்ச் கட்டை. இந்த முறை கத்தியால்தான் வெட்டுவது என்று முடிவு செய்திருந்தான். முதல் எழுத்தை வெட்டினான். வெட்டியதைப் பார்த்தான். கட்டையை வேலைமேசைக்கு அடியில் தூக்கி எறிந்தான். பிறகு குனிந்து அதை எடுக்கவேயில்லை. நாட்கள் போயின. அப்பா இரண்டு தடவை கேட்டார். அப்படி ஒரு சாயங்காலம் சுவரில் தொங்கிய சிக்ரிதின் ஹெக்லா கண்ணில் பட்டது. மரம் அங்கேயே இருந்தது. பல் அங்கேயே இருந்தது.

இழைத்து முடித்து, மறுமுனையில் ராக்கெலின் எழுத்துகளைக் கத்தியால் வெட்டினான். அது ஒழுங்காக வந்தது. காவியைப் புளித்த பாலில் குழைத்துப் பலகை முழுக்கப் பூசினான். காய்ந்ததும் புதுசு போலத்தான் இருந்தது.

ராக்கெல் அதை மடியில் வைத்துத் தன் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லா வெட்டியிருக்கீங்க" என்றாள். பிறகு, "பல்லு பழசு மாதிரி இருக்கே."

"கொல்லங்கிட்ட கிடந்த பழைய இரும்பு" என்றான்.

அதுதான் முதல் பொய். சின்னது. நாக்கு தானாகவே சொல்லிற்று.

* * *

இரண்டாவது பொய்க்கு மெர்த்தா வந்தாள்.

மெர்த்தா சிக்ரிதின் அக்கா. தாய் இல்லாத தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தவள். பெரிய உடம்பு, பெரிய குரல். பெண் குழந்தை இல்லாமல் ஒருத்தி போய்ச் சேர்ந்தால் அவள் ஹெக்லா பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. ஆனால் ஓராண்டுவரை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் செத்தவள் காலடியில் நின்று பங்கு பிரித்த மாதிரி இருக்கும். ஹெம்மிங்குக்கு இந்த முறை தெரியாமல் இல்லை. அந்த ஆண்டு முழுக்க அவன் எதையும் நினைக்கவில்லை, இதையும் நினைக்கவில்லை.

"என்ன மாப்பிள, காப்பி கிடைக்குமா? இல்ல புதுப் பொண்ணு வந்து போட்டாத்தானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினாள். பசுக்களைப் பற்றிப் பேசினாள். பிறகு, "வந்தது எதுக்குன்னா, எம் மூத்தவ உசிரை வாங்கறா. சித்தியோட ஹெக்லாதான் வேணுமாம். நீ அடிச்ச அந்த லாட எழுத்து மேல அவளுக்கு அப்படி ஒரு ஆசை."

ஹெம்மிங் ஜன்னல் வழியே பார்த்தான். முற்றத்துக் கோடியில் கறுப்பாக ஒரு சதுரம் கிடந்தது. ஆளி உலர்த்தும் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் அடுப்புப் பொறி பறந்து எரிந்துபோயிருந்தது. அந்தக் கொட்டகைகள் எரிவது புதிதல்ல.

"அது போச்சு மதினி" என்றான். "கொட்டகைக்குள்ளதான் மாட்டியிருந்தேன்."

மெர்த்தா தட்டைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று அவன் நினைத்தான்.

"பல்லு இருக்குமே" என்றாள்.

"என்ன?"

"மரம் எரியும். இரும்பு எங்க போகும்? பல்லு கிடைச்சா புதுப் பலகையில நட்டுக்கலாம். அவ சீவின பல்லுன்னு இருக்கும்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முற்றத்துக்கு இறங்கிவிட்டாள். பாவாடையைச் செருகிக்கொண்டு சாம்பலில் முட்டிபோட்டாள். கையால் அளைய ஆரம்பித்தாள். மழை பெய்து இறுகிய சாம்பல். கட்டி கட்டியாகப் பெயர்த்து, உடைத்து, விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்த்தாள்.

"நீ அந்தப் பக்கம் பாரு" என்றாள், நிமிராமல்.

ஹெம்மிங் முட்டிபோட்டான்.

அங்கே இல்லாத ஒன்றை அவன் தேடினான். ஒழுங்காகவே தேடினான். கட்டிகளை உடைத்தான், ஊதினான், ஓரமாகக் குவித்தான். அந்தப் பற்கள் அந்த நேரத்தில் அக்கரையில், ராக்கெல் வீட்டுப் பெட்டிக்குள், காவிப் பலகையில் இருந்தன. மெர்த்தாவுக்கு அவ்வப்போது ஏதாவது கிடைக்கும். "இதுவா பாரு" என்று நீட்டுவாள். அவன் வாங்கி, விரலால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

"இது ஆணி மதினி."

"இது?"

"கதவுக் கீல்."

வெயில் காட்டுக்குப் பின்னால் போகும்வரை தேடினார்கள். தொட்டியில் கை கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

"விடு. அவளே இல்ல" என்றாள். ஈரக் கையால் அவன் தோளைத் தட்டினாள். "நீ மனசு விட்டுராத. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க. நல்லா வச்சுக்க."

அன்று போட்டிருந்த சட்டையை அவன் பிறகு போடவில்லை.

* * *

நார் சீவல் ஊர்ப் பெரியவள் காய்சா அத்தை வீட்டில் தொடங்கியது. எல்லா ஆண்டும் அங்கேதான் தொடங்கும். பெரிய கூடம், பெரிய அடுப்பு, வரிசையாகப் பெஞ்சுகள். ஏரியின் இரு கரைப் பெண்களும் அவரவர் ஹெக்லாவை மடியில் அணைத்துக்கொண்டு வருவார்கள். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. நார்க் கட்டுகளை வாசற்படியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். படியைத் தாண்டிக் கால் வைத்தவன் சட்டைக் கழுத்துக்குள் சக்கையைத் திணித்து அனுப்புவார்கள். ஆளிச்சக்கை குத்தும். நாள் முழுக்க அரிக்கும். பண்ணை முதலாளியோ மணியக்காரரோ, யாராக இருந்தாலும் இதே மரியாதைதான்.

நிச்சயமான மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு விலக்கு. தான் கொடுத்த ஹெக்லாவில் முதல் பிடியை அவனே இழுத்துக் காட்ட வேண்டும். அதுவரை அவனைத் தொட மாட்டார்கள்.

"ஹெம்மிங், வா வா. பயப்படாத" என்றாள் காய்சா அத்தை. "முதல் பிடி இழுக்கிற வரைக்கும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டான், கேட்க வேண்டும் என்பதற்காக.

"அதுக்கப்புறம் உங்கப்பன் பேரு ஞாபகம் இருந்தாச் சொல்லு" என்றாள் ஒருத்தி. கூடம் சிரித்தது.

மெர்த்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். ராக்கெல் நடுப் பெஞ்சில், கழுத்தில் நீலக் கைக்குட்டை கட்டி, நேராக உட்கார்ந்திருந்தாள்.

காய்சா அத்தை காவி ஹெக்லாவைத் தொட்டியில் வைத்து அதன் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி எழுந்தது.

"என்ன பண்றீங்க?" என்றான்.

"பல்லு இறுக வேண்டாமா? மரம் தண்ணி குடிச்சாத்தான் இரும்பைக் கவ்விப் பிடிக்கும். செய்யத் தெரியுது, இது தெரியலையா உனக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. அது பெண்கள் செய்யும் வேலை. சிக்ரிதின் முதல் பிடியை இழுத்த அன்று பலகை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது ஞாபகம் வந்தது. ஏன் என்று அன்று அவன் கேட்கவில்லை. அன்று அவன் சிக்ரிதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காய்சா அத்தை பலகையைத் துணியால் ஒற்றி ராக்கெலுக்கு முன்னால் வைத்தாள். ராக்கெல் தன் எழுத்து இருந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனை ஹெம்மிங் பக்கம். அவன் கையில் ஒரு பிடி நாரைக் கொடுத்தார்கள். பேச்சு அடங்கியது. கேட்க வேண்டியதைக் காய்சா அத்தை கேட்டாள்.

"இது யாருக்காகச் செஞ்சது?"

"ராக்கெலுக்கு."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"ராக்கெலுக்கு" என்றான் மறுபடி. கூடம் முழுக்கக் கேட்டது. மெர்த்தாவும் சிரித்தாள்.

இழுப்பதற்காக இடது கையைப் பலகை முனையில் ஊன்றினான். உள்ளங்கைக்கு அடியில் ஏதோ தடித்தது. கையை எடுத்தான். உள்ளங்கை சிவந்திருந்தது. காவி. பலகையில், அவன் மழமழவென்று இழைத்த இடத்தில், மூன்று எழுத்துகள் எழுந்து நின்றன. பிரம்படி பட்ட தோல் தடிப்பதுபோல. முதலில் சிக்ரித் பெயரின் அந்தப் பாம்பு வளைவு, பிறகு மற்ற இரண்டு. அன்று அச்சை வைத்து அடித்தபோது நசுங்கி இறங்கிய மரம், சுற்றியிருந்ததை அவன் இழைத்து மட்டமாக்கிய பிறகும் அடியில் அப்படியே இருந்து, சுடுதண்ணீரைக் குடித்ததும் மெல்ல உப்பி மேலே வந்துவிட்டது.

கையை மறுபடி அதன் மேல் வைத்தான்.

ராக்கெல் பார்த்துவிட்டாள். அவள் கண் பலகையிலிருந்து அவன் முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"இழு மாப்பிள. கை ஒட்டிக்கிச்சா?" என்றது ஒரு குரல்.

இழுத்தான். நார் பாதியில் அறுந்தது. பெண்கள் ஊளையிட்டுச் சிரித்தார்கள்.

"இவன் வீட்டுல துணி கிடைச்ச மாதிரிதான்."

"சட்டை கேட்டா சாக்கு குடுப்பா, பாத்துக்க."

"சரி, போதும்" என்றாள் காய்சா அத்தை. "ஹெக்லாவைச் சுத்தி விடு. எல்லாரும் பாக்கட்டும்."

அதுவும் முறைதான். புது ஹெக்லா கைமாறிக் கைமாறிக் கூடத்தைச் சுற்றி வரும். முதலில் காய்சா அத்தை, பிறகு ஜன்னலோரம் இருந்த மெர்த்தா. ஹெம்மிங் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. எடுக்காமல் எவ்வளவு நேரம் நிற்பது என்றும் தெரியவில்லை.

ராக்கெல் பல்லில் சிக்கிய நாரை எடுப்பவள்போலக் கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பற்களின் மேல் அழுத்தி இழுத்தாள். அவன் அதைப் பார்த்தான். தவறிப் பட்டதல்ல. இரத்தம் வந்தது.

"போச்சு, முதல் நாளே படையல் வச்சுட்டா."

"அக்கரையில முயல் மயிரைத்தான் சீவுவாங்க போல."

ராக்கெல் கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் சுற்றினாள். சுற்றிய கையை ஹெம்மிங்கின் கையிருந்த இடத்தில் வைத்தாள். அவன் தன் கையை உருவிக்கொண்டான். துணியின் தலைப்பு எழுத்துகள் மேல் தொங்கியது.

"கொஞ்சம் வலி விடட்டும். அப்புறம் காட்டறேன்" என்றாள்.

"குடுத்தா தேஞ்சா போயிடும்?"

"தேஞ்சுடும்" என்றாள் ராக்கெல். "எம் பொருள்."

"கருமி" என்றார்கள். சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஹெம்மிங்கை விடவில்லை. முதல் பிடி முடிந்துவிட்டதே. இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் சக்கையை அள்ளி அள்ளிக் கழுத்துக்குள் திணித்தார்கள். கடைசியாக மெர்த்தா வந்தாள். இரண்டு கையும் கொள்ளாமல் அள்ளி வந்திருந்தாள்.

"இது சிக்ரித் பங்கு" என்றாள் அவன் காதோடு. "அவ இருந்தா இதுக்கு மேலயும் வச்சிருப்பா. சந்தோஷமா இருடா."

அவள் நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது.

* * *

உச்சி வேளையில் பெண்கள் ரொட்டியும் மோரும் உப்புமீனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராக்கெல் கிணற்றடிக்கு வந்தாள். ஹெக்லாவையும் கையோடு கொண்டு வந்திருந்தாள், கைக்குட்டையில் சுற்றி. ஒற்றைக் கையால் வாளியை இழுக்கப் பார்த்தாள். ஹெம்மிங் வண்டியிலிருந்து இறங்கி வந்து இழுத்துக் கொடுத்தான்.

அவள் காயத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டாள்.

"அவங்களோடதா?" என்றாள்.

"ஆமா."

"உங்க மதினி சாம்பல்ல தேடினாங்கன்னு அக்கரை வரைக்கும் சொன்னாங்க. பாவம்னு சொன்னாங்க. நானும் சொன்னேன்."

அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைக்குள் சக்கை அரித்தது.

"புதுசா ஒண்ணு செய்ய முடியலையா?"

"செஞ்சேன். முதல் எழுத்து வெட்டினேன்." நிறுத்தினான். "உன் எழுத்து வெட்டத்தான் உக்காந்தேன். அவ எழுத்து வந்துருச்சு."

ராக்கெல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"அந்தக் கட்டையைக் கொண்டாந்து குடுத்திருந்தா வாங்கியிருப்பேன்" என்றாள். "இப்படி ஆகிப்போச்சு, என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன். திட்டியிருப்பேன். ஆனா வாங்கியிருப்பேன்."

"இதை நான் மதினிகிட்ட குடுத்துடறேன்."

"எப்படி? ராத்திரியோட ராத்திரியா அவங்க வாசல்ல வச்சுட்டு வருவீங்களா? ஏரியில மிதந்து வந்துச்சுன்னு சொல்வீங்களா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்.

"கருமின்னு எல்லார் முன்னாடியும் பேர் வாங்கினேன்" என்றாள் ராக்கெல். "கையைக் கிழிச்சுக்கிட்டேன். உங்களுக்காகன்னு நினைக்காதீங்க. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அந்த நேரத்துல அதை அவங்க மடியில வைக்க எனக்கு மனசு வரல. சொல்றதுன்னா உள்ள வந்து சொல்லுங்க. இல்லைன்னா எங்கிட்டயும் இனிமே எதையும் சொல்லாதீங்க."

"தேவாலயத்துல நம்ம கல்யாண அறிவிப்பு..."

"அதை அப்புறம் பாக்கலாம்."

சுற்றிய கைக்குட்டையோடு ஹெக்லாவை அவன் கையில் வைத்தாள். இன்னொரு துணியைக் காயத்துக்குச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

* * *

அவன் வாசற்படியைத் தாண்டியபோது இரண்டு பேர் சக்கையோடு எழுந்தார்கள். "மறுபடி வந்துட்டான் பாரு, சுகம் கண்டவன்" என்றாள் ஒருத்தி. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"காய்சா அத்தை" என்றான். "காலையில கேட்டதைத் திரும்பக் கேளுங்க."

"என்னத்தடா?"

"யாருக்காகச் செஞ்சதுன்னு."

காய்சா அத்தை அவனையும் அவன் கையிலிருந்த மூட்டையையும் பார்த்தாள். கேட்கவில்லை. அவனாகவே கைக்குட்டையை அவிழ்த்தான்.

"இது சிக்ரிதுக்குச் செஞ்சது" என்றான். "நான்தான் இழைச்சு அழிச்சேன். ராக்கெலுக்குத் தெரியாது. கொட்டகையில எரியல."

அவ்வளவுதான் வந்தது. ஜன்னலோரம் நடந்து போய் மெர்த்தாவின் மடியில் வைத்தான். அவள் வாயில் ரொட்டி இருந்தது. மெல்லுவதை நிறுத்தினாள். எழுத்துகளின் ஈரம் இன்னும் காயவில்லை. கட்டைவிரலால் தடவினாள். முதலில் வளைவு, பிறகு மற்ற இரண்டு. விரலில் காவி ஒட்டியது.

"அன்னிக்கு நீயும் முட்டிபோட்டியே" என்றாள்.

"ஆமா மதினி."

"நான் குடுத்ததை ஒவ்வொண்ணா வாங்கி, துடைச்சு, வெளிச்சத்துல பாத்து, ஆணின்னு சொன்னியே."

"ஆமா."

"இழைச்சது எனக்குப் புரியுது. என்னமோ கெட்ட நேரம், புத்தி கெட்டுப்போச்சுன்னு வை. இது எனக்குப் புரியல." அவள் பெரிய குரல் அன்று சின்னதாக இருந்தது. "நான் தேடிக்கிட்டிருந்தேன். நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்த."

எதைச் சொன்னாலும் அந்தச் சாம்பலில் கிடைத்த ஆணி மாதிரிதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இனிமே என்னை மதினின்னு கூப்பிடாத" என்றாள் மெர்த்தா.

ஹெக்லாவைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். மீதி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். தன் பழைய ஹெக்லாவை முன்னால் இழுத்துப் போட்டு ஒரு பிடி நாரை எடுத்தாள். வீசினாள், இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றவர்களும் தட்டுகளை ஒதுக்கினார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சீவ ஆரம்பித்தார்கள். கூடம் முழுக்க நார் பல்லில் உரசும் ஓசை. பேச்சு இல்லை, பாட்டு இல்லை.

ஹெம்மிங் நடுக்கூடத்தில் நின்றான். படியைத் தாண்டி உள்ளே நிற்கும் ஆண். காலடியில் சக்கை குவிந்து கிடந்தது. எழுந்தவர்கள் எப்போதோ உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அவன் பக்கம் வரவில்லை. அவன் காத்திருந்தான். வந்து திணித்தால் தேவலை என்றிருந்தது. கடைசியில் ஒருத்தி, பார்க்காமலே, அவன் காலைச் சுற்றிக் குனிந்து தன் நாரை எடுத்துக்கொண்டு போனாள், மேசைக்காலைச் சுற்றிப் போவதுபோல.

ராக்கெல் முன்னால் எதுவும் இல்லை. வெறும் பெஞ்சு. நிச்சயமான பெண், சீவ ஒன்றும் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்சா அத்தை பரணிலிருந்து பல் பாதி போன பழைய ஹெக்லா ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள். ராக்கெலின் காது மடல்கள் சிவந்திருந்தன.

அவள் எழுந்தாள். கீழே குனிந்து, கட்டுப் போட்ட கையால் ஒரு பிடி சக்கையை அள்ளினாள். அவனிடம் வந்தாள். சிரிக்கவில்லை. அவசரப்படவில்லை. அவன் கழுத்துப்பட்டையை நல்ல கையால் விலக்கி, உள்ளே வைத்து, அழுத்திவிட்டாள்.

"நார்க் கட்டு வரல" என்றாள். "காத்துக்கிட்டிருக்கோம்."

திரும்பிப் போய் அந்தப் பழைய ஹெக்லாவின் முன் உட்கார்ந்தாள்.

அவன் வெளியே வந்தான். சக்கை முதுகில் இறங்கியது, குத்தியது. அவன் அதை உதறவில்லை. வண்டியில் அடுத்த கட்டு இருந்தது. போய் அதைத் தூக்கினான்.